முயல்தோல் கோட்டுக்குக் கணக்குக் கேட்ட கிழவன்

நண்பர்களே, விசுவாசமான வேலைக்காரன் என்றாலே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "உத்தரவு எஜமான்" என்று நிற்கிற ஆள்தான் நம் மனசில் வருவான். நான் பேசப்போகிறவன் எஜமானோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பவன், காசை லேசில் அவிழ்க்க மாட்டான், அவிழ்த்தாலும் புலம்பிக்கொண்டேதான். 1836இல் ரஷ்ய எழுத்தாளர் புஷ்கின் வெளியிட்ட 'கேப்டன் மகள்' நாவலில் வரும் சாவேலிச்.

ஆள் பண்ணையடிமை. குடிக்காதவன் என்பதற்காக எஜமானின் 5 வயது மகன் க்ரினேவை அவன் பொறுப்பில் விடுகிறார்கள். 16 முடிந்து பையன் ராணுவத்துக்குக் கிளம்பும்போது கிழவனும் கூடவே போகிறான். வழியிலேயே பையன் பில்லியர்ட்ஸ் ஆடி 100 ரூபிள் தோற்றுவிட்டு, பணத்தை எடு, நான் எஜமான் நீ வேலைக்காரன் என்கிறான். கிழவன் அழுதுகொண்டே கொடுக்கிறான்.

அப்புறம் பனிப்புயல். வழிகாட்டிய ஒரு நாடோடிக்குப் பையன் தன் முயல்தோல் கோட்டைத் தூக்கிக் கொடுக்கிறான். இந்தக் குடிகாரனுக்கா என்று சாவேலிச் குதிக்கிறான். அந்தத் தடியன் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு நுழைய, தையல் படபடவென்று தெறிக்க, அதைக் கேட்டுக் கிழவன் கிட்டத்தட்ட ஊளையே இட்டுவிடுகிறான்.

அந்த நாடோடிதான் புகச்சோவ். 1773இல் நான்தான் செத்துப்போன ரஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் பீட்டர் என்று சொல்லிக்கொண்டு கலகம் செய்தவன். க்ரினேவ் வேலை பார்க்கும் கோட்டையைப் பிடித்து அதிகாரிகளைத் தூக்கில் போடுகிறான். க்ரினேவ் கழுத்தில் கயிறு விழுந்த நேரத்தில் சாவேலிச் ஓடிவந்து காலில் விழுகிறான்: பையனை விடு, பணம் கிடைக்கும், பயம் காட்ட ஆள் வேண்டுமென்றால் கிழவன் என்னைத் தூக்கில் போடு. புகச்சோவ் பிற்பாடு சொல்கிறான், அந்தக் கிழவனைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, அவன் இல்லையென்றால் நீ தொங்கியிருப்பாய் என்று. அன்று கோட்டுக்காகச் சண்டை போடாத சாதுவான வேலைக்காரனாக இருந்திருந்தால் அந்த முகம் அவனுக்கு நினைவிருந்திருக்குமா?

மறுநாள் சாவேலிச் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொள்ளைபோன பொருள்களுக்குப் பட்டியல் எழுதி அதே புகச்சோவிடம் நீட்டுகிறான். சட்டை, கால்சராய், தேநீர்ச் சாமான் எல்லாவற்றுக்கும் விலையோடு. கடைசியில், விடுதியில் தங்களுக்கு அளித்த முயல்தோல் கோட்டு, 15 ரூபிள்! உன் தோலை உரித்துக் கோட்டு தைக்கச் சொல்வேன் என்று புகச்சோவ் கத்துகிறான். தன் உயிரை இலவசமாகக் கொடுக்க வந்தவன், எஜமானின் கோட்டை மட்டும் விட மாட்டேன் என்கிறான்.

சிரித்துவிட்டு அப்படியே போய்விட முடியவில்லை. மறு ஆண்டே, 1774இல், பண்ணையடிமைகளுக்கு விடுதலை என்று அறிக்கை விட்டவனும் இதே புகச்சோவ்தான். அவன் எதிரே நிற்கும் அடிமை கேட்பதோ எஜமானின் சட்டைகளை. புஷ்கினும் பண்ணையார் வீட்டுப் பிள்ளை, அதையும் மனசில் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அவர் கிழவனை வெறும் கோமாளியாக விடவில்லை. வாள்சண்டையில் பையன் காயப்பட்டதை ஏன் தெரிவிக்கவில்லை, கிழட்டு நாயே, உன்னைப் பன்றி மேய்க்க அனுப்புவேன் என்று பெரிய எஜமான், அதாவது பையனின் அப்பா, சாவேலிச்சுக்கு எழுதுகிறார். சாவேலிச் பதில் எழுதுகிறான்: நான் கிழட்டு நாய் இல்லை, தலை நரைக்கும்வரை உங்களுக்கு உழைத்தவன், வீணாக உங்களைப் பயமுறுத்த வேண்டாமென்றுதான் எழுதவில்லை. அவ்வளவு ரோஷமாக எழுதியவன், பன்றி மேய்க்க அனுப்புவதென்றால் அதுவும் உங்கள் சித்தம் என்றும் அதே கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான்.