பல்லைப் பிடுங்கியும் தாடை வலி ஏன் போகவில்லை?

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வயது 38, வீட்டிலேயே கொலுசு பற்றவைக்கும் வேலை. “நான்கு மாதமாக இடது காதுக்கு முன்னால் தாடை வலிக்கிறது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். சொத்தை என்று கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார்கள். வலி அப்படியே இருக்கிறது. இப்போது பக்கத்துப் பல்லையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?”

அவசரப்படாதீர்கள் அம்மா. வலி பல்லிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகாமல் இன்னொரு பல்லை எடுக்க வேண்டாம். பல் வலியென்றால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலோ சூடாகக் குடித்தாலோ சுரீரென்று இழுக்கும், அந்த ஒரு பல்லைத் தட்டினால் தெரியும், பெரும்பாலும் எக்ஸ்ரேயிலும் அடையாளம் இருக்கும். இவை எதுவும் இல்லாமல் காதோரம் மந்தமாக வலித்துக்கொண்டே இருந்தால், முதலில் தாடை மூட்டையும் தசையையும்தான் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் ஆள்காட்டி விரலைக் காதின் முன்மடலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் உருண்டை நகர்கிறதல்லவா, அதுதான் தாடை மூட்டு. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு சிறு வட்டு இருக்கிறது. அது இடம் பிசகினால் ‘டக்’ என்று சத்தம் வரும். வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், அதற்குச் சிகிச்சையும் தேவையில்லை. இப்போது விரலைக் கீழே கன்னத்துக்குக் கொண்டுவந்து பல்லைக் கடியுங்கள். கல் போல் புடைக்கிறதே, அந்தத் தசைதான் பலருக்கு வலியின் பிறப்பிடம்.

துன்பத்தைப் பொறுப்பதற்கு நாம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்று சொல்கிறோம். உண்மையிலேயே கடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். குனிந்து, கண்ணை ஊன்றி, கை நடுங்காமல் ஒரு சிறு வளையத்தைப் பற்றவைக்கும் நேரத்தில் உங்கள் பற்கள் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். பட்டறையில் கண்ணில் படும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவையுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். காலையில் எழும்போதே தாடை கனத்தால் இரவிலும் பல்லை நறநறக்கிறீர்கள் என்று பொருள் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

இரண்டு மூன்று வாரம் மென்மையாகச் சாப்பிடுங்கள்: இட்லி, குழைந்த சோறு, களி. நம் ஊர் தட்டுவடை செட்டைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், சேலத்துக்காரர்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தினம் இரண்டு வேளை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்குக் கீழே கையை ஊன்றிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே குறைந்துவிடும். குறையாவிட்டால் பல் மருத்துவர் அளவெடுத்து இரவில் மாட்டும் கவசம் செய்து தருவார். கூடவே பிசியோதெரபியும் உதவும். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும்.

வேறு சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். முகம் கழுவினாலே, பல் துலக்கினாலே கரண்ட் அடித்தது போல் சில விநாடி வெட்டி வலித்தால் அது நரம்பு வலி. அதற்கு மருந்தே வேறு. சாப்பிட உட்கார்ந்தவுடன் தாடைக்கடியில் வீங்கினால் உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் இருக்கலாம். பாக்கு, பான் போடுகிறவர்கள் மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் பாக்கை இன்றே விடுங்கள், உடனே வாயைக் காட்டுங்கள். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டு வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வையே பறிபோகலாம்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது இதய வலிக்குத்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்யும் ஒருவர் பல் வலி என்றுதான் என்னிடம் வந்தார். பற்கள் நன்றாக இருந்தன. “எப்போது வலிக்கிறது?” என்று கேட்டேன். “மூட்டையோடு மேட்டில் ஏறும்போது, நின்றால் போய்விடும்” என்றார். அன்றே இசிஜி எடுக்க அனுப்பினேன், வலி இதயத்திலிருந்துதான் வந்திருந்தது. நடந்தால் வந்து, நின்றால் போகும் தாடை வலியைப் பல் வலி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே இப்படி வரலாம். கூடவே வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.

அம்மா, உங்களுக்கு நடக்கும்போதோ மேடேறும்போதோ மட்டும் வலி கூடுவதாக எழுதவில்லை. அப்படி இருந்தால் முதலில் இதயத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் பல் எடுப்பதற்கு முன் எடுத்த பழைய எக்ஸ்ரேயைத் தேடி வைத்துக்கொண்டு, தாடை மூட்டைப் பார்க்கும் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போங்கள். இரண்டாவது பல்லைப் பற்றி அவர் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.