உரிமையாளர் சிறையில், கம்பெனி யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் இருபது தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி பதிவு, கரண்ட் அக்கவுண்ட், வங்கிக் கடன் எல்லாம் கணவர் பெயரில். அவர் ரிமாண்ட் ஆனதும் வீட்டில் வக்கீல் பீஸுக்கு அலைகிறார்கள். அது தேவைதான். ஆனால் கம்பெனியை முதலில் முடக்குவது பணத்தட்டுப்பாடு அல்ல. கையெழுத்துப் போட ஆள் இல்லாததுதான். அக்கவுண்டில் பணம் இருக்கும்; சனிக்கிழமை சம்பளத்துக்கு எடுக்க முடியாது. அவசரத்துக்கு அவர் கையெழுத்தை வேறு யாரும் போட்டுவிடாதீர்கள், இன்னொரு வழக்கு வரும்.

செய்ய வேண்டியது, அவருக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம். வக்கீல் மூலம் அனுமதி பெற்று, சிறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் அவர் கையெழுத்திட வேண்டும். ‘வியாபாரத்தைக் கவனிக்க’ என்று மொட்டையாக எழுதினால் வங்கி திருப்பி அனுப்பலாம். கிளை, கணக்கு எண், செக் போடும் உரிமை, ஜிஎஸ்டி தாக்கல், பாக்கி வசூல் என்று தனித்தனியாக எழுதுங்கள். பத்திரப் பதிவுக்கான பவர் என்றால், சிறையில் இருப்பவர் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு சொல்கிறது.

போலீஸ் கணக்கை முடக்கியிருந்தால் பவர் மட்டும் போதாது. சம்பளப் பட்டியல், பில்களை இணைத்து, வழக்குக்குத் தொடர்பில்லாத தொகையையாவது விடுவிக்கக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

பலர் எதிர்பார்க்காத சிக்கல் செல்போன். அது போலீஸ் கைக்குப் போய்விட்டால் ஜிஎஸ்டி ஓடிபி வராது. உங்கள் சரக எல்லைக்குரிய ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களுடன் விண்ணப்பித்து, பதிவிலுள்ள செல் நம்பரையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் 3பி எனும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், விற்பனையே இல்லாத மாதத்துக்கு 20. வரிப்பாக்கிக்கு 18 சதவீத வட்டி தனி. மாதத் தாக்கல்காரர் இரண்டு மாதம் விட்டால் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் முடங்கி, சரக்கு வண்டி நகராது. ஆறு மாதம் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

வங்கியில் தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை வங்கி எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கு முன்பே மேலாளரிடம் நிலைமையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். 25 கோடி வரை கடனுள்ள சிறுதொழில்களுக்கு ரிசர்வ் வங்கியின் சீரமைப்பு வழிமுறை இருக்கிறது. வீட்டுப் பெண்கள் மீட்டர் வட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளியே நிற்கும் பாக்கி பெரும்பாலும் அவர் நினைவில்தான் இருக்கும். முதல் முறை சிறையில் அவரை மனுப் பார்க்கப் போகும்போதே எந்தப் பார்ட்டி, எவ்வளவு, எந்த பில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்ததும் சிலர் இழுத்தடிப்பார்கள். வேலை எடுக்கும்போதே சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்திருந்தால், 45 நாளுக்கு மேல் நிற்கும் பில்லுக்கு சிறுதொழில் பாக்கிக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்து, கூட்டு வட்டியுடன் கேட்கலாம்.