கள்ளியின் வேரில் ஒரு பொறி

அவையோர்க்கு வணக்கம்.

நாற்றமடிக்கும் ஒட்டுண்ணிப் பூ என்றதும் சுமத்ராவின் ரஃப்லீசியாதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று நான் எடுத்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் மண்ணுக்கடியில் வாழும் ஹைட்னோரா ஆப்பிரிக்கானா. ரஃப்லீசியாவுக்கு ஈ வந்து, ஏமாந்து, பறந்துவிடும். இங்கே வரும் வண்டு மாட்டிக்கொள்கிறது. அது எப்போது வெளியே விடப்படுகிறது என்பதில்தான் இந்தச் செடியின் வாழ்வு இருக்கிறது.

இதற்கு இலையில்லை, பச்சையம் இல்லை. கள்ளி இனங்களின் வேரைப் பற்றி நீரும் உணவும் உறிஞ்சுகிறது. 1775இல் இதை விவரித்த ஸ்வீடன் தாவரவியலாளர் துன்பெர்க், உயிரினங்களுக்கு இருசொற்பெயர் முறை வகுத்த லின்னேயஸிடம் பயின்றவர். அவரே இதைக் காளான் என்று எண்ணினார். உண்மையில் இது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளைக்கு உறவு! அதன் பூவும் சிற்றீக்களைக் குழாய்க்குள் அடைத்துவைக்கும்.

மண்ணைப் பிளந்து மேலே வருவது பூ மட்டுமே. தடித்த மூன்று மடல்கள். வெளியே பழுப்பு, உள்ளே ஆரஞ்சு. தொடக்கத்தில் மடல் நுனிகள் ஒட்டியே இருக்கும்; இடைவெளிகள் வழியாகத்தான் பூச்சி நுழைய வேண்டும். ஒவ்வொரு மடலின் உட்புறமும் பஞ்சு போன்ற வெண்ணிறத் திசு உண்டு. நாற்றம் கிளம்புவது அங்கிருந்துதான். அதிலுள்ள டைமெதில் டைசல்பைடு, டைமெதில் டிரைசல்பைடு என்ற கந்தகச் சேர்மங்கள் அழுகும் இறைச்சியிலிருந்தும் வருபவை.

அதை நம்பி வருவது தோல் வண்டு, டெர்மெஸ்டெஸ் மாகுலேட்டஸ். கருவாட்டைத் துளைத்துப் பாழாக்கும் அதே வண்டு. அருங்காட்சியகங்களில் எலும்புக்கூட்டிலிருந்து காய்ந்த சதையை நீக்கவும் இதைத்தான் வளர்க்கிறார்கள்.

குழாயின் உட்சுவர் வழுவழுப்பானது. வண்டு கால் வழுக்கி விழுகிறது. நடுவே மகரந்தப்பைகள் வளையமாக நிற்கின்றன. வளையத்தின் நடுத்துளை வழியாகக் கீழறைக்குப் போனால் அங்கே சூலகமுடி. முதலில் முதிர்வது இந்தப் பெண்பகுதி. வண்டு முன்பே வேறொரு பூவில் அகப்பட்டிருந்தால், உடலில் ஒட்டிய மகரந்தம் இங்கே படியும். பிறகுதான் மகரந்தப்பைகள் வெடித்து, அடைபட்ட வண்டின் மேல் புது மகரந்தம் ஒட்டுகிறது. அதற்குப் பின் உட்சுவரின் தன்மை மாறுகிறது. கால் பிடிமானம் கிடைத்து வண்டு ஏறி வெளியேறுகிறது. சுவர் முன்னதாகவே மாறிவிட்டால் வண்டு வெறும் உடம்போடு போய்விடும், பூ பட்ட பாடு வீண்.

பூச்சியுண்ணும் செடியா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. குடுவைச்செடி போல இது வண்டைச் செரிப்பதில்லை. அந்த வண்டு உயிரோடு அடுத்த பூவுக்குப் போயாக வேண்டும்.

களத்தில் தேடுவோர் மழைக்குப் பின் கள்ளிப் புதரைச் சுற்றி மண் வெடிப்பைப் பாருங்கள். பூவைக் கண்டால் தோண்டாதீர்கள். வேர் இணைப்பு அறுந்தால் தொட்டியில் நட்டுப் பிழைக்கவைக்க முடியாது. விதைபோட்டு வளர்ப்பதும் எளிதல்ல. கள்ளி வேர் கசியவிடும் வேதிப்பொருள் பட்டால்தான் விதை முளைக்கும். காட்டில் அந்த வேலையைத் தொடங்கிவைப்பவை நரியும் முள்ளம்பன்றியும் பபூன் குரங்கும்: மண்ணுக்குள் முதிரும் பழத்தைத் தோண்டித் தின்று, பொடி விதைகளைப் பரப்புகின்றன.