தாத்தாவுக்கு இது இன்னும் முனிசிபல் காலேஜ்தான்

வணக்கம் மக்களே. சேலம் செர்ரி ரோட்டில், அரசு கலைக் கல்லூரி வாசலில் நிற்கிறேன். எங்கள் தாத்தாவிடம் இந்தப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார். "முனிசிபல் காலேஜ்" என்றால் முகம் மலர்ந்துவிடும். அவர் காலத்தில் கல்லூரியை நடத்தியது நகராட்சி. தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெயர் இருந்தபோதுதான். கவிஞர் பெருஞ்சித்திரனார் அவரிடம் படித்த இடமும் இதுவே. பிறகு அரசு ஏற்றுக்கொண்டது, பெயரும் மாறியது.

சரி, இந்த இரண்டு பட்டச் சான்றிதழைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருப்பது பெரியப்பாவுடையது. மேலே சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறதா? லேமினேட் செய்தது அக்காவுடையது, அதில் பெரியார் பல்கலைக்கழகம். இரண்டு பேரும் படித்தது இதே கல்லூரியில்! 1997 செப்டம்பரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கல்லூரிகள் அதன் கீழ் போய்விட்டன.

இப்படிப் பெயர் மாறியது ஒரு பக்கம். 2017-ல் பல கல்வி நிறுவனங்களின் பெயரிலிருந்து 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லே இறங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, சட்டம் இயற்றி உருவாக்காத நிறுவனம் 'யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சட்டம் வந்தது 1956-ல். உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் 123 நிகர்நிலை நிறுவனங்களுக்கு (தனிச் சட்டம் இல்லாமல், பல்கலைக்கழகத்துக்குச் சமம் என்று மத்திய அரசு அறிவித்தவை) மானியக் குழு கடிதம் அனுப்பியது. நம் ஊர் விநாயகா மிஷன்ஸ் யுனிவர்சிட்டி, விநாயகா மிஷன்ஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆனது. எஸ்ஆர்எம், விஐடி பெயர்களிலும் அந்தச் சொல் போய்விட்டது.

இதில் மாட்டிக்கொண்டது நடுவில் படித்த பிள்ளைகள். என் தம்பியும் வேறோர் ஊரில் அப்படி ஒன்றில்தான் படித்தான். முதல் வருட மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பட்டத்தில் இன்னொரு பெயர். நேர்காணலில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இதில் எதுப்பா உன் காலேஜ்?" என்று கேட்டார்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றுதான் என்று கல்லூரி முத்திரை போட்ட கடிதம் வாங்க அவன் இரண்டு வாரம் அலைந்தான். பெயரை மாற்றும்போதே அந்தக் கடிதத்தை ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்திருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் சான்றிதழ்களில் இரண்டு பெயர் இருந்தால் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

தாத்தாவின் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். சாவிதான் கிடைக்கவில்லை. கிடைத்ததும் காட்டுகிறேன்.