ஏஐயா, சைபர் செக்யூரிட்டியா, ஃபுல் ஸ்டாக்கா? இரண்டாம் ஆண்டு மாணவரின் சந்தேகத்துக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டு நகரவே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஏஐ, சைபர் செக்யூரிட்டி, ஃபுல் ஸ்டாக் மூன்றில் ஒன்றை இப்போதே முடிவு செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவாய் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நிரல் எழுதும் வேலையையே ஏஐ செய்துவிடும் என்கிறார் மாமா. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?" (சைபர் செக்யூரிட்டி என்றால் கணினிகளைத் தாக்குதலிலிருந்து காக்கும் வேலை. ஃபுல் ஸ்டாக் என்றால் இணையதளத்தின் முகப்பு, பின்னணி இரண்டையும் எழுதும் வேலை.)

தம்பி, இரண்டாம் ஆண்டில் நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பயத்தில் எடுக்கும் முடிவு மூன்று மாதம்கூடத் தாங்காது. ஆனால் சும்மா இருங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஆமாம், அதேதான்: ஓர் அடுக்கு கீழே இறங்கிப் பாருங்கள். அதாவது, மேலே தெரியும் கருவியைத் தாங்கி நிற்கும் அடிப்படையைப் படியுங்கள். அலுக்காமல் இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் என்னிடம் இல்லை.

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி மையங்களில் ஃபிளாஷ் கற்றுக்கொடுத்தார்கள். இணையத்தில் அசையும் படம் என்றாலே ஃபிளாஷ்தான். 2020ஆம் ஆண்டு முடிவில் அடோபி நிறுவனம் அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. இன்னொரு பக்கம் பாருங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது 1970இல். அதுதான் உங்கள் நான்காம் செமஸ்டர் டிபிஎம்எஸ், அதாவது தரவுத்தள மேலாண்மைப் பாடத்தின் வேர். நீங்கள் ரயில் டிக்கெட் எடுத்தாலும் வங்கியில் பணம் போட்டாலும் இன்றும் பின்னால் நிற்பது அந்த யோசனைதான். மேலடுக்கு மாறிக்கொண்டே இருக்கும். கீழடுக்கு அவ்வளவு சுலபத்தில் மாறாது.

இன்று இரவே ஒரு வேலை செய்து பாருங்கள். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம். உங்கள் கைபேசிக்குள்ளும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஓர் அட்டவணை உருவாக்கி, பத்து லட்சம் பேரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கற்பனையாக நிரப்புங்கள். நிரப்ப ஒரு சிறிய நிரல் போதும். பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து ஆளைத் தேடுங்கள். தேடும் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸ்பிளைன் குவெரி பிளான்' என்று சேர்த்தால், அது எப்படித் தேடப்போகிறது என்று காட்டும். 'ஸ்கேன்' என்று வரும். அதாவது முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. இப்போது அந்த எண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்று, போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். 'சர்ச்' என்று மாறியிருக்கும். உள்ளே இருப்பது பி-மரம், அதாவது எண்களை வரிசைப்படுத்திப் பக்கம் பக்கமாகக் கிளை பிரித்து வைக்கும் அமைப்பு. ஒரு பக்கத்துக்கு நூறு எண்கள் என்று வைத்தால், நூறு பெருக்கல் நூறு பெருக்கல் நூறு, பத்து லட்சம். மூன்றே பக்கங்களைப் புரட்டினால் ஆள் கிடைத்துவிடுவார். தேர்வுக்காக நீங்கள் வரைந்த அதே மரம்தான்! கண்ணெதிரே அது வேலை செய்வதைப் பார்த்தவர் மறக்கவே மாட்டார்.

சரி, ஏஐதான் வேண்டும் என்கிறீர்களா? அதற்கும் கீழே ஓர் அடுக்கு இருக்கிறது. முதல் செமஸ்டர் கணிதத்தில் அணிகளும் ஐகன் மதிப்பும் படித்தீர்களே, தேர்வு முடிந்ததும் பலர் மூட்டை கட்டி வைத்த பாடம், அங்கேதான் அது தொடங்குகிறது. சைபர் செக்யூரிட்டி என்றால், 1988இல் இணையத்தையே திணறடித்த மோரிஸ் புழுவைப் படியுங்கள். புழு என்றால் கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரல். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஒதுக்கிய நினைவகத்துக்கு மேல் எழுதவிட்ட ஒரு நிரல். நினைவகத்தில் ஸ்டாக் என்ற தற்காலிகப் பகுதி (இது ஃபுல் ஸ்டாக் இல்லை) எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாதவருக்கு அந்தத் தாக்குதல் கடைசிவரை புரியாது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் அடித்தளம் ஒன்றுதான். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

நேர்முகத் தேர்வுகளில் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒருமுறை ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய கல்லூரி இல்லை, மதிப்பெண்ணும் நடுத்தரம்தான். "என்ன செய்திருக்கிறாய் அம்மா?" என்று கேட்டேன். ஊரில் இருக்கும் பால் சங்கத்துக்குக் கணக்கு எழுதும் நிரல் ஒன்று செய்திருக்கிறாள். லிட்டர், கொழுப்புச் சத்து, இதர சத்து மூன்றையும் போட்டால் யாருக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும். முதலில் எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கோப்பில்தான் எழுதினாளாம். ஒருநாள் விடிகாலையில் பால் அளந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. ஒருவருடைய கணக்கு பாதி எழுதப்பட்டு நின்றுவிட்டது. லிட்டர் இருக்கிறது, பணம் இல்லை. பால் ஊற்றியவர் விடுவாரா? அதற்குத் தீர்வு தேடிப் போனபோதுதான் டிரான்சாக்‌ஷன் என்றால் என்னவென்று அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. எஸ்கியூலைட் வழக்கமாக, மாற்றப்போகும் பக்கத்தின் பழைய வடிவத்தை முதலில் தனிக் கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒன்று முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. இதை அவள் வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கினாள். நாங்கள் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை.

உங்கள் மாமாவின் பயத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. அந்த நிரலின் பெரும்பகுதியை இன்று ஏஐ எழுதிக் கொடுத்துவிடும். மறுக்கவில்லை. ஆனால் விடிகாலையில் மின்சாரம் போகும் என்பதும், பால்காரர் சண்டைக்கு வருவார் என்பதும், பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். ஏஐ எழுதித் தந்தது சரியா தவறா என்று சொல்வதற்கும் கீழடுக்கு தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே, 'எந்தத் துறை' என்று கேட்டதற்குப் பதிலாக, 'என் நிரலை யார் பயன்படுத்துவார்கள்' என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். உங்கள் ஊரில் பால் சங்கம் இல்லாவிட்டால் நூலகம் இருக்கும், மருந்துக் கடை இருக்கும், சித்தப்பாவின் லாரி வாடகைக் கணக்கு இருக்கும்.

கையில் ஒரு திட்டம் இருக்கட்டும் என்பதற்காகக் காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரியர், அதாவது தேறாத பாடம், மட்டும் வைக்காதீர்கள், பல நிறுவனங்கள் அதைப் பார்த்தே வாசலில் நிறுத்திவிடும். நான்காம், ஐந்தாம் செமஸ்டரில் அல்காரிதம், இயங்குதளம், நெட்வொர்க் மூன்றையும் கை வைத்துப் படியுங்கள். கல்லூரியில் நன்றாக நடத்தவில்லை என்றால் ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு விடுமுறையில் இன்டர்ன்ஷிப் ஒன்று பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டரில் வளாகத் தேர்வு, அதாவது நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆளெடுப்பது, சூடு பிடித்துவிடும். ஆப்டிடியூட் எனும் திறனறித் தேர்வுப் பயிற்சிக்கு அதற்கு முந்தைய சில மாதங்கள் போதும், இப்போதே அதில் மூழ்காதீர்கள்.

அந்தப் பத்து லட்சம் வரிச் சோதனையைச் செய்துவிட்டு, இன்டெக்ஸ் இல்லாமல் எவ்வளவு நேரம் ஆனது, போட்ட பிறகு எவ்வளவு ஆனது என்று எனக்கு எழுதுங்கள் தம்பி. அடுத்ததாக, மூன்றாம் ஆண்டிலேயே, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எழுதலாம் அம்மா, விதிமுறை அனுமதிக்கிறது. விவரமாகச் சொல்கிறேன்.