நம்ம லீக்கை நடத்தியது கணக்கா, நட்பா? – நட்பு அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், மொட்டைமாடி நிறைய உட்கார்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். மணி அடிச்சா நிறுத்தணும்னு சொல்லியிருக்காங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

"நம்ம ஃபேண்டசி லீக்கை 38 வாரமும் உயிரோட வச்சிருந்தது கணக்கா, நட்பா?" இதுதான் தலைப்பு. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களை வச்சு ஆளுக்கொரு கற்பனை டீம் எடுப்போம், நிஜ ஆட்டத்துல அவங்க ஆடறதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. நான் பேசறது 2024-25 சீசனைப் பத்தி. நட்புதான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின தம்பி நல்லாவே பேசினார். 100 மில்லியன் பட்ஜெட், அதுக்குள்ள 15 ஆட்டக்காரர். இலவச ட்ரான்ஸ்ஃபர் தீர்ந்துட்டா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளி போயிடும். சீசன் தொடங்கும்போது மான்செஸ்டர் சிட்டியோட ஹாலண்ட் விலை 15 மில்லியன், லிவர்பூலோட சலா 12.5. வருஷக் கடைசியில சலா எடுத்தது 344 புள்ளி, இந்த விளையாட்டு வரலாற்றுலயே யாரும் எடுக்காதது. எல்லாம் உண்மை. நானும் கை தட்டினேன். ஆனா இறங்கிப் போகும்போது ஒரு வார்த்தை விட்டார் பாருங்க! "டேபிள்ல ஏற முடியாதவங்க எல்லாம் மேடையில ஏறி நட்பு பேசுறாங்க. லீக்கோட கடைசி மூணு இடமும் அந்த அணியிலதான் உட்கார்ந்திருக்கு."

நீங்க சிரிச்சீங்க. நடுவரும் சிரிச்சார், நான் பார்த்தேன்.

தம்பி, கடைசி இடத்துல இருக்கறவர் யாருன்னு தெரியுமா? எனக்குப் பக்கத்துல வெள்ளை ஜெர்சி போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான். டோட்டன்ஹாம் ரசிகர். ஒரு கிளப்பிலிருந்து 3 பேரைத்தான் எடுக்கலாம். இவர் மூணும் டோட்டன்ஹாம்தான் எடுப்பார். ஆகஸ்டுலயும் 3, மே மாசமும் 3. அந்த டோட்டன்ஹாம் இந்த வருஷம் லீக்கில் 22 ஆட்டம் தோத்து 17ஆவது இடம். அவங்களுக்குக் கீழ இருந்தது தரமிறங்கின மூணு அணி மட்டும். "ஒருத்தனையாவது மாத்துடா"ன்னு குரூப்ல நாங்க எல்லாரும் கெஞ்சினோம். "மாத்திட்டு சனிக்கிழமை யாருக்காக டி.வி. போடுவேன்?"னு கேட்டார். தம்பி, உங்க எக்செல் ஷீட்டுல இதுக்கு ஒரு கட்டம் இருக்கா?

அப்புறம் மே 21 வந்துச்சு. ஸ்பெயின்ல பில்பாவ் நகரம், ஐரோப்பிய கிளப்புகள் மோதற யூரோப்பா லீக்கோட இறுதி ஆட்டம், எதிர்ல மான்செஸ்டர் யுனைடெட். நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை. எங்க 14 பேர்ல துபாய்ல ரெண்டு பேர், சிங்கப்பூர்ல ஒருத்தர், அவருக்கு விடியற்காலை மூணு மணி. 14 பேரும் வீடியோ கால்ல இருந்தோம். அதுல யுனைடெட் ரசிகர்கள் மூணு பேர். 42ஆவது நிமிஷம் டோட்டன்ஹாமோட பிரென்னன் ஜான்சன் கோல். அப்புறம் யுனைடெட்டோட ஹோய்லுண்ட் தலையால முட்டின பந்து வலைக்குள்ள போகுது, போயே போச்சுன்னு நினைச்சோம். மிக்கி வான் டி வென் அந்தரத்துல பறந்து, கோட்டுக்கு மேல காலை நீட்டி வெளிய தள்ளினாரே! 1-0. டோட்டன்ஹாமுக்கு 2008க்கு அப்புறம் முதல் கோப்பை. நம்ம ஆளு பேச முடியாம ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடிக்கிட்டார். முதல்ல "வாழ்த்துகள்டா"ன்னு சொன்னது யாரு தெரியுமா? தோத்துப்போன யுனைடெட் ரசிகர்.

இப்ப கணக்கு அணியை ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். யூரோப்பா லீக் ஆட்டத்துக்கு நம்ம ஃபேண்டசியில எத்தனை புள்ளி? ஒண்ணுகூடக் கிடையாது! பிரீமியர் லீக் ஆட்டத்துக்கு மட்டும்தான் புள்ளி. கணக்குதான் இந்த லீக்கை நடத்துச்சுன்னா, பைசா புள்ளி பெறாத ஆட்டத்துக்கு 14 பேர் எதுக்கு ராத்திரி கண்ணு முழிச்சோம்? தம்பி, நீங்களும் அந்த வீடியோ கால்ல இருந்தீங்க. போர்வையைப் போத்திக்கிட்டு இருந்தீங்க.

நடுவர் அவர்களே, நியாயமா நான் இங்கயே உட்காரலாம். ஆனா ஒரு கதை பாக்கி இருக்கு. கணக்கு அணித் தலைவர், நாங்க எல்லாம் கணக்குப்புலின்னு கூப்பிடற எங்க அண்ணன், இதைச் சொல்ல வேண்டாம்னு கண்ணைக் காட்டறார். மன்னிக்கணும் அண்ணே, சொல்லாம விட மாட்டேன்.

பிப்ரவரி 1, சனிக்கிழமை, 24ஆவது வாரம். லிவர்பூலுக்கு அந்த வாரம் ரெண்டு ஆட்டம். ஒண்ணு போர்ன்மத்தோட. இன்னொண்ணு டிசம்பர்ல புயலால தள்ளிப்போன எவர்ட்டன் ஆட்டம், நமக்கு 13ஆம் தேதின்னாலும் புள்ளி இந்த 24ஆவது வாரக் கணக்குலதான். லீக்கே காத்திருந்த வாரம். கேப்டனா வச்ச ஆளுக்குப் புள்ளி ரெண்டு மடங்கு; அதை மூணு மடங்காக்கற, அந்த சீசன்ல ஒரே ஒரு தடவை போடக்கூடியதா இருந்த ட்ரிபிள் கேப்டனை சலா மேல போட எல்லாரும் கையில வச்சிருந்தோம். டேபிள்ல அண்ணன் முதலிடம். 11 புள்ளி பின்னால நம்ம இன்னொரு நண்பர், அதோ மூணாவது வரிசையில இருக்கார்.

அந்த நண்பரோட அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலி. ஐ.சி.யூ. வாசல்ல விடிய விடிய நின்னவருக்கு சலாவும் ஞாபகமில்ல, சனிக்கிழமையும் ஞாபகமில்ல. அண்ணன் மத்தியானம் இட்லிப் பொட்டலத்தோட போய்ச் சேர்ந்தார். அந்த இரும்பு நாற்காலியில உட்கார வச்சு ரெண்டு இட்லி சாப்பிட வச்சார். மருந்துச் சீட்டை வாங்கிட்டுப் போய் மருந்து வாங்கி வந்தார். மணி நாலு பத்து. டீமை மாத்த டெட்லைன் நாலரை.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க. நாலு பத்து! இன்னும் இருபதே நிமிஷம். பக்கத்துல உட்கார்ந்திருக்கறது யாரு? முதலிடத்துக்குப் போட்டி போடற ஒரே ஆளு. அவர் டீம்ல போன வாரம் வச்ச ஹாலண்ட்தான் இன்னும் கேப்டன். ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கணக்கு என்ன சொல்லும்? சும்மா இருன்னு சொல்லும். புலி வளர்த்த கணக்கு, 'நாலரை வரைக்கும் வாயைத் திறக்காதே'ன்னுதான் சொல்லும்!

அண்ணன், "உன் ஃபோனைக் குடு"ன்னார். எதுக்குன்னுகூட நண்பர் கேக்கல, குடுத்துட்டார். அண்ணன் திறந்தார். கேப்டனை மாத்தினார், சலா. ட்ரிபிள் கேப்டனைத் தட்டினார். அதோட விட்டாரா? பெஞ்சுல கிடந்த ஒரு டிஃபெண்டரை உள்ள கொண்டு வந்து, காயம்பட்டவனை வெளிய எடுத்தார். தன் டீமை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "சரி, நீ உள்ள போய் அப்பாவைப் பாரு"ன்னு ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி போர்ன்மத்துல சலா ரெண்டு கோல். 13ஆம் தேதி நமக்கு ராத்திரி ஒரு மணிக்கு குடிசன் பார்க்குல எவர்ட்டன் ஆட்டம். சலாவுக்கு ஒரு அசிஸ்ட் (கோலுக்குக் குடுத்த பாஸ்), ஒரு கோல். 98ஆவது நிமிஷத்துல எவர்ட்டனோட டார்கோவ்ஸ்கி அடிச்சு 2-2 ஆக்கினது வேற கதை. சலாவுக்கு அந்த வாரம் 29 புள்ளி. மூணால பெருக்குங்க, 87! ஹாலண்ட் அடிச்சது ஒரே ஒரு கோல், அவர் அணி ஆர்சனல்கிட்ட 5-1ன்னு தோத்துச்சு.

மே 25, கடைசி நாள். நண்பர் முதலிடம், அண்ணன் ரெண்டாவது. வித்தியாசம் 19 புள்ளி. அன்னிக்கு அந்த நாற்காலியில அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தா இன்னிக்குக் கோப்பை அவர் வீட்டு அலமாரியில இருக்கும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா? நம்ம எல்லாருக்கும் முன்னாடி அவருக்குத்தான் தெரியும். நாலு மாசமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. நண்பர் போன வாரம் என்கிட்ட சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைச்சது. எனக்கும்தான்.

இனிமே எனக்கு வாதம் பேசத் தோணல, நடுவர் அவர்களே. தீர்ப்பை எப்படி வேணா சொல்லுங்க. நாங்க ஒண்ணா ஹாஸ்டல்ல இருந்தப்ப ஒரு மெஸ் டோக்கன்ல மூணு பேர் சாப்பிட்டோம். இப்ப ஆளுக்கொரு ஊரு, ஆளுக்கொரு வேலை. கல்யாணத்துக்குக்கூட பாதிப் பேர் வர முடியறதில்ல. வாரத்துல ஒரு நாள், டெட்லைனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, "டேய், கேப்டன் யாரு?"ன்னு குரூப்ல ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னாலயே "அம்மாவுக்கு சுகர் எப்படி இருக்கு?", "பாப்பாவுக்கு அட்மிஷன் கிடைச்சுதா?", "வேலை போயிடுச்சாமே, பணம் ஏதாவது வேணுமா?" எல்லாம் வரும். இந்த லீக் இல்லேன்னா இதையெல்லாம் கேக்க எங்களுக்கு வேற சாக்கு ஏது?

அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. முதல் வரிசையில சாம்பல் சட்டை போட்டிருக்காரே, அவர்தான் அந்த அப்பா. இப்ப தினமும் காலையில நடக்கறார், மாத்திரையை நேரத்துக்குப் போடறார். ஆகஸ்டுல புது சீசன் தொடங்கும்போது பதினஞ்சாவது ஆளா அவரும் நம்ம லீக்கில் சேர்றார். டீம் எடுக்கத் தெரியாதாம். கேப்டன் யாருன்னு மகனைக் கேக்க மாட்டாராம், உங்களைத்தான் கேப்பாராம். நம்பர் வாங்கி வச்சிருக்கார், சனிக்கிழமை ஃபோன் வந்தா எடுத்துடுங்க.

நன்றி, வணக்கம்.