தெருவே கரண்ட் குடுக்குது: தேவைக்கு மேல எனர்ஜி எடுக்குற குடியிருப்புகள்

(திரையில: மேலேர்ந்து எடுத்த ஷாட், கலர் கலரா வரிசை வீடுகள், கூரை முழுக்க சோலார் பேனல்)

வணக்கம் மக்களே. இப்ப ஸ்க்ரீன்ல தெரியுறது ஜெர்மனியோட தென்மேற்கு மூலையில, பிரான்ஸ் பார்டருக்குப் பக்கத்துல இருக்குற ஃப்ரைபுர்க் ஊரு. இங்க வோபான்னு ஒரு ஏரியா, 1992 வரைக்கும் பிரெஞ்சு ராணுவம் முகாம் போட்டிருந்த இடம், அவங்க காலி பண்ணிட்டுப் போனப்புறம்தான் குடியிருப்பா மாறுச்சு. அதை ஒட்டி ஷ்லீர்பெர்க்ல இருக்குற இந்த சோலார் குடியிருப்ப டிசைன் பண்ணவரு ரோல்ஃப் டிஷ்ங்கிற ஆர்க்கிடெக்ட். மொத்தம் 59 வீடு. கூரை எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் யூனிட் கரண்ட் எடுக்குது, வகுத்துப் பாத்தா வீட்டுக்கு 7,000 யூனிட்டுக்கு மேல வருது. வருஷக் கணக்கு போட்டா இங்க செலவாகுறத விட உற்பத்தி ஜாஸ்தி. அதுவும் 2000-களோட ஆரம்பத்துலயே, பேனல் விலை இன்னிக்கு இருக்குறத விட பல மடங்கு இருந்த காலத்துலயே பண்ணிட்டாங்க.

இந்த மாதிரி இடங்களுக்கு ஐரோப்பாவுல இப்ப வச்சிருக்கிற பேரு பாசிட்டிவ் எனர்ஜி டிஸ்ட்ரிக்ட். ஒரு பில்டிங் இல்ல, சேர்ந்தாப்ல இருக்குற பல பில்டிங், ஒண்ணோட ஒண்ணு கரண்டையும் சூட்டையும் குடுத்து வாங்கிக்கிட்டு, மொத்தமா செலவு பண்றத விட அதிகமா உண்டாக்கணும். 2025-க்குள்ள இப்படி 100 ஏரியாவுக்கான வேலைய ஆரம்பிக்கணும்னு 2018-லயே அங்க பல நாடுங்க சேர்ந்து ஒரு திட்டம் போட்டாங்க. இந்த வீடியோல நான் அழுத்திச் சொல்லப் போறது ஒரு விஷயம்தான். பேனல் மாட்டுறது இதுல ஈஸியான வேலை. பக்கத்து பில்டிங்கோட பகிர்ந்துக்குறதுதான் கஷ்டம், ஆனா இந்த ஐடியாவோட முழு பலமும் அந்தப் பகிர்றதுலதான் இருக்கு.

(திரையில: வீட்டோட குறுக்குவெட்டுப் படம், குளிர்கால வெயில், கோடைகால வெயில்)

முதல்ல செலவு பக்கம் பாத்துருவோம், ஏன்னா அத குறைக்காம எவ்ளோ பேனல் போட்டாலும் பத்தாது. ஐரோப்பாவுல ஒரு வீட்டுக்கு ஆகுற எனர்ஜில பெரும்பங்கு சூடேத்துறதுக்குத்தான் போகுது, ஃபேன் லைட்டுக்கு எல்லாம் இல்ல. சரியா இன்சுலேஷன் இல்லாத பழைய ஜெர்மன் வீட்டுல ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 200 யூனிட் வரைக்கும் சூட்டுக்கே போகும், அதே பாசிவ் ஹவுஸ்னு சொல்ற தரத்துல கட்டுனா 15 யூனிட் போதும். இருநூறு எங்க, பதினஞ்சு எங்க. தடிமனான சுவர், மூணு அடுக்கு கண்ணாடி, காத்து கசியாத ஜன்னல், அப்புறம் வெளிய போற அழுக்குக் காத்துல இருக்குற சூட்ட உள்ள வர்ற புதுக் காத்துக்கு மாத்தி விடுற ஒரு வென்டிலேஷன் மெஷின், அவ்ளோதான் ரகசியம். ஷ்லீர்பெர்க் வீடுங்க தெற்கு பாத்து நிக்குது, கூரை சுவரத் தாண்டி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், குளிர்காலத்துல சூரியன் தாழ இருக்குறதால வெயில் நேரா ஜன்னல் வழியா உள்ள வந்துரும், கோடைல மேல இருக்குறதால அந்த நீட்டுன கூரையே நிழல் குடுத்துரும். மெஷினே இல்லாம பாதி வேலை முடிஞ்சிருது.

சரி, இப்ப அந்த வருஷக் கணக்குக்கு வருவோம், ஏன்னா நிறைய பேரு ஏமாந்து போறது இங்கதான். "செலவ விட அதிகமா உற்பத்தி"ன்னா எல்லா நிமிஷமும் அதிகம்னு அர்த்தம் இல்ல. ஜூன் மாசம் மதியம் வழிஞ்சு ஓடும், அத கிரிட்டுக்குள்ள, அதாவது ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டு போற பொது லைனுக்குள்ள தள்ளுவாங்க, ஜனவரி ராத்திரி ஒண்ணுமே இருக்காது, கிரிட்லேர்ந்து இழுப்பாங்க, வருஷக் கடைசில கூட்டிக் கழிச்சுப் பாத்தா பிளஸ். ஷ்லீர்பெர்க் வீடுங்களுக்கு சூடு அவங்க கூரைலேர்ந்து வரல, வோபான்ல மரச்சில்லு எரிக்கிற பொது பிளான்ட்லேர்ந்து பைப்ல வருது, அந்த மரம் எரிக்கிறதால வர்ற எனர்ஜிய கணக்குல எப்படி எடுத்துக்குறோம்ங்கிறத பொறுத்து பிளஸ் கூடும் குறையும். இத சொல்றதால அந்தத் திட்டத்த நான் குறைச்சு மதிப்பிடல, எனக்கு அது மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா எந்தக் குடியிருப்பப் பத்தி இந்த மாதிரி கேள்விப்பட்டாலும் எந்தக் காலத்துக்கான கணக்கு, எல்லைக்கோடு எங்க போட்டிருக்காங்க, அதாவது எதையெல்லாம் கணக்குல சேத்திருக்காங்க, சூடு எங்கேர்ந்து வருது, இந்த மூணையும் கேட்டுப் பாக்கணும்.

(திரையில: துறைமுகத்துக்குப் பக்கத்துல சாய்வான கூரையோட ஒரு கருப்பு பில்டிங்)

குளிர்காலக் கணக்கு எவ்ளோ கொடூரம்னு பாக்கணும்னா நார்வேக்குப் போகணும். ட்ரொன்ட்ஹைம் ஊரு, வட அட்சரேகை 63 டிகிரி, டிசம்பர்ல பகல் வெளிச்சம் நாலரை மணி நேரம்தான். அங்க துறைமுகத்துல 2019-ல திறந்த ஆஃபீஸ் கட்டடம்தான் பவர்ஹவுஸ் ப்ரட்டோர்கையா, டிசைன் பண்ணது ஸ்னோஹெட்டாங்கிற நார்வே ஆர்க்கிடெக்ட் கம்பெனி. கூரைய சூரியனப் பாத்து ஒரே சரிவா சாய்ச்சு வெட்டிருக்காங்க, கூரையிலயும் சுவர்லயும் சேர்த்து சுமார் 3,000 சதுர மீட்டர் பேனல், வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் யூனிட். சூடேத்த, குளிர வைக்க கடல் தண்ணிய பயன்படுத்துறாங்க, நடுவுல பெரிய ஓட்டை விட்டு வெளிச்சத்த உள்ள இறக்கிருக்காங்க, அதனால பகல்ல லைட்டு செலவு கம்மி. இவங்க போட்ட கணக்குல எனக்குப் பிடிச்சது என்னன்னா, தினசரி செலவ மட்டும் கணக்குல எடுக்கல, சிமென்ட், கம்பி, கண்ணாடி தயாரிச்சது, கட்டுனது, கடைசில இடிக்கப் போறது எல்லாத்துக்கும் ஆகுற எனர்ஜியையும் சேர்த்து 60 வருஷ ஆயுசுக்குள்ள ஈடு கட்டணும்னு கணக்கு போட்டிருக்காங்க. இது நேர்மையான கணக்கு.

இங்கதான் நான் சொல்ற விஷயம் தொடங்குது. ஒரு ஆஃபீஸ் கட்டடம் தேவைக்கு மேல எடுத்துச்சுன்னா அந்த மிச்சம் எங்க போகும்? பவர்ஹவுஸ்காரங்க அத பக்கத்து கட்டடங்களுக்கும், எலக்ட்ரிக் பஸ், கார், போட்டுக்கும் குடுக்கலாம்னு ஆரம்பத்துலயே யோசிச்சு வச்சாங்க, அப்புறம் ட்ரொன்ட்ஹைம்ல இருக்குற என்டிஎன்யூ பல்கலைக்கழகம் தலைமையில, அயர்லாந்தோட லிமரிக் நகரத்தையும் சேர்த்துக்கிட்டு, அக்கம்பக்கக் கட்டடங்கள் ஒண்ணுக்கொண்ணு கரண்ட் வித்து வாங்குற மாதிரி ஒரு ஐரோப்பிய ப்ராஜெக்டே நடந்துச்சு.

ஏன் பல பில்டிங் சேர்ந்தா லாபம்னு கொஞ்சம் நிதானமா பாக்கலாம், இது முக்கியம். ஆஃபீஸ்ல ஆளு இருக்குறது பகல்ல, வீட்டுல கரண்ட் ஏறுறது சாயங்காலம், பள்ளிக்கூடம் சனி ஞாயிறும் லீவுலயும் சும்மா கிடக்கும் ஆனா கூரை மட்டும் வெயில்ல காஞ்சுக்கிட்டே இருக்கும், சூப்பர்மார்க்கெட் ஃப்ரிட்ஜ் இருபத்துநாலு மணி நேரமும் ஓடி பின்பக்கமா சூட்ட கக்கிக்கிட்டே இருக்கும். தனித்தனியா பாத்தா ஒவ்வொருத்தரும் ஒரு நேரம் வீணடிக்கிறாங்க, இன்னொரு நேரம் திண்டாடுறாங்க. சேர்த்துப் பாத்தா ஒருத்தரோட வீண் இன்னொருத்தரோட தேவை. பத்து வீட்டோட உச்ச லோடு ஒரே நிமிஷத்துல வராது, அதனால பத்து பேரும் தனித்தனியா வாங்குற பேட்டரி அளவுக்கு பொதுவா வாங்க வேண்டியதில்ல, சின்னதே போதும். அடுக்குமாடிக்கு இன்னொரு பிரச்சனை உண்டு, எட்டு மாடில அறுபது குடும்பம் இருக்கும் ஆனா கூரை ஒண்ணுதான், அது தனியா எந்தக் காலத்திலயும் பிளஸ் ஆகாது. பக்கத்துல ஒரே மாடி உள்ள குடோனோ பள்ளிக்கூடமோ இருந்து அதோட கூரையும் கணக்குல சேர்ந்தாதான் அந்த அறுபது குடும்பத்துக்கு வழி.

கரண்டவிட சூட்டுல இது இன்னும் அழகா வேலை செய்யும். சூரிச்ல ஈடிஹெச் பல்கலைக்கழகத்தோட ஹோங்கர்பெர்க் வளாகத்துல ஒரு நெட்வொர்க் இருக்கு, பைப்ல ஓடுறது கொதிக்கிற தண்ணி இல்ல, லேசா குளுகுளுன்னு இருக்குற தண்ணி. லேப், சர்வர் ரூம் கழிக்கிற சூட்ட அந்தத் தண்ணி வாங்கிக்கும், சூடு தேவைப்படுற கட்டடம் ஹீட் பம்ப் வச்சு, அதாவது ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு இடத்துச் சூட்ட இன்னொரு இடத்துக்கு மாத்துற மெஷின வச்சு, அதே தண்ணிலேர்ந்து உறிஞ்சிக்கும். கோடைல மிஞ்சுற சூட்ட 200 மீட்டர் ஆழத்துக்கு துளை போட்டு மண்ணுக்குள்ள இறக்கி வச்சுட்டு குளிர்காலத்துல திரும்ப எடுக்குறாங்க. தண்ணி சூடா இல்லாததால வழியில சூடு வீணாகுறதும் ரொம்ப கம்மி.

(திரையில: கால்வாய்ல மிதக்குற வீடுகள், ஆம்ஸ்டர்டாம்)

இப்ப சட்டத்துக்கு வருவோம், உண்மையான முட்டுக்கட்டை இங்கதான். ஆம்ஸ்டர்டாமோட வடக்குப் பகுதியில ஸ்கோன்ஸ்கிப்னு ஒரு மிதக்கும் குடியிருப்பு, 46 குடும்பம், சுமார் 500 பேனல், வீட்டுக்கு வீடு பேட்டரி, 30 ஹீட் பம்ப் கால்வாய் தண்ணிலேர்ந்து சூடு எடுக்குது. மொத்த குடியிருப்புக்கும் நேஷனல் கிரிட்டோட ஒரே ஒரு கனெக்‌ஷன். உள்ளுக்குள்ள அவங்களோட சொந்த நெட்வொர்க், யார் வீட்டுல மிஞ்சுது, யார் வீட்டுல வேணும்னு சாஃப்ட்வேரே பாத்து மாத்தி விடுது. டெக்னிக்கலா இது பெரிய அதிசயம் இல்ல. ஆனா அப்ப இருந்த சாதாரண டச்சு சட்டப்படி குடியிருக்கிறவங்களே இப்படி நெட்வொர்க் நடத்த முடியாது, பரிசோதனைத் திட்டம்னு தனியா விதிவிலக்கு வாங்கித்தான் நடத்துனாங்க. யோசிச்சுப் பாருங்க, எதிர்வீட்டு கூரைல மிஞ்சுற கரண்ட் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு அரசாங்கத்துக்கிட்ட ஸ்பெஷல் பெர்மிஷன். அதே நெதர்லாந்துலதான் இன்னிக்கு பல ஊர்ல கிரிட் நிரம்பி வழிஞ்சு புது கம்பெனிங்க கனெக்‌ஷனுக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது. உள்ளுக்குள்ளயே பகிர்ந்துக்கிட்டா டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல போற லோடு குறையும், அந்த நெரிசலுக்கே இது ஒரு மருந்து, அப்படியிருக்க அதுக்கு கதவ சாத்தி வச்சிருந்தது எனக்குக் கோபத்தத்தான் வர வைக்குது.

இத மாத்த முடியும்ங்கிறதுக்கு ஆஸ்திரியாவப் பாக்கலாம். 2021-ல புதுப்பிக்கத்தக்க எனர்ஜி சட்டம் கொண்டு வந்தாங்க, அக்கம்பக்கத்து ஆளுங்க, சின்னக் கடைங்க, நகராட்சி எல்லாம் சேர்ந்து எனர்ஜி சமூகம்னு பதிவு பண்ணிக்கலாம். ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ பகிர்ற கரண்டுக்கு நெட்வொர்க் கட்டணத்துல பாதிக்கு மேல தள்ளுபடி. நியாயமான விஷயம்தான, அந்தக் கரண்ட் மேல இருக்குற ஹை டென்ஷன் லைன தொடவே இல்லையே, அதுக்கு ஏன் முழு வாடகை குடுக்கணும்? புது ஒயர் எதுவும் இழுக்க வேண்டியதில்ல, இருக்குற ஒயர்லயே ஸ்மார்ட் மீட்டர் கால் மணி நேரத்துக்கு ஒருக்கா கணக்கு வச்சா போதும். ஒரு பைசா சிமென்ட் செலவில்லாம, கணக்கு எழுதுற முறைய மாத்துறதால மட்டும் பழைய தெருங்க கூட உள்ள வர முடியுது. புதுசா கட்டுற குடியிருப்பு மட்டும் பிளஸ் ஆனா போதாது, ஐரோப்பாவுல இருக்குற வீடுங்கள்ல பெரும்பாலானது ஏற்கனவே கட்டுனது, அதனால இந்தச் சட்ட மாற்றத்த நான் எந்த புது டெக்னாலஜியவிடவும் பெருசா மதிக்கிறேன்.

(திரையில: பனி மூடுன தெரு, கேரேஜ் கூரைல பேனல்கள், கனடா)

கடைசியா ஒரு இடம், கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணம், ஒகடோக்ஸ் ஊரு, ட்ரேக் லேண்டிங். 52 வீடு. இது கரண்ட் பிளஸ் குடியிருப்பு இல்ல, வெறும் சூட்டுக்கானது, ஆனா பகிர்றதுன்னா என்னன்னு இதுல கத்துக்க வேண்டியது நிறைய. கேரேஜ் கூரைங்க மேல சுமார் 800 சோலார் பேனல், கரண்ட் எடுக்குறது இல்ல, தண்ணிய சூடாக்குற வகை. கோடை முழுக்க அந்தச் சூட்ட 35 மீட்டர் ஆழமுள்ள 144 துளை வழியா மண்ணுக்குள்ள இறக்குனாங்க, கோடை முடியுறப்ப நிலத்தடி 80 டிகிரி வரைக்கும் சூடாகும். வெளிய மைனஸ் 30 அடிக்கிறப்ப ஜூலை மாசத்து வெயில் வீட்ட சூடாக்கும். 2007-ல ஆரம்பிச்சது, 2015-16 குளிர்காலத்துல வீடுங்களோட சூட்டுத் தேவை மொத்தமும் வெயில்லேர்ந்தே வந்துச்சு, நூத்துக்கு நூறு. அந்த ஊரு குளிருல இது சாதாரண சாதனை இல்ல.

அப்படிப்பட்ட சிஸ்டத்த 2024-ல மூட முடிவு பண்ணாங்க. மண்ணுல கோளாறு இல்ல, ஐடியாவுலயும் கோளாறு இல்ல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுனதுல பாகங்க தேஞ்சுருச்சு, அந்த மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறது கஷ்டமாயிருச்சு, அந்த மாதிரி சிஸ்டம் நிறைய இடத்துல இருந்தாதான தயாரிக்கிறவன் பாகம் செஞ்சு விப்பான். ரிப்பேருக்கு ஆகுற செலவ 52 வீடு தாங்க முடியல, வீடுங்க கேஸுக்கு மாறுச்சு. அப்பார்ட்மென்ட்ல பொது மோட்டார் ரிப்பேர் ஆச்சுன்னா அசோசியேஷன் மீட்டிங்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், இதுவும் அதே கதைதான், அளவு மட்டும்தான் பெருசு.

இத தோல்வின்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அங்க கிடைக்காம போனது ஆளும் பணமும்தான், அது ரெண்டையும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்க முடியும். பொது மெஷினுக்கு யார் சொந்தக்காரங்க, மாசாமாசம் எவ்ளோ ஒதுக்கி வைக்கணும், இன்வர்ட்டர் மாத்துற வருஷம் வந்தா காசு எங்கேர்ந்து வரும், பாகங்க கடையில கிடைக்கிற சாதாரண வகையா இல்ல ஸ்பெஷலா செஞ்சதா, இதெல்லாம் முதல் நாள் பத்திரத்துலயே எழுதிரணும். 2025 தாண்டியாச்சு, 100 ஏரியா இலக்கப் பத்தி இனிமே நிறைய அறிக்கை வரும், எத்தன இடத்துல ரிப்பன் வெட்டுனாங்கன்னு எண்ணுவாங்க. நான் தேடப் போறது வேற நம்பர், பத்தாவது வருஷத்துலயும் அதே பைப்புல சூடு ஓடுற, அதே மீட்டர்ல பக்கத்து வீட்டுக் கரண்ட் பதிவாகுற குடியிருப்பு எத்தனைன்னு.

உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்ல இப்படி கட்டடங்க சேர்ந்து எனர்ஜி பகிர்ந்துக்குற ஏற்பாடு எதுவும் இருந்தா, குறிப்பா மெயின்டெனன்ஸ் காச எப்படி பிரிச்சுக்கிறாங்கன்னு கமென்ட்ல எழுதுங்க, நான் ஒண்ணு விடாம படிப்பேன்.